ஆறு வருஷ சர்வீஸுக்காக ஃபேமிலி பென்ஷனை நிறுத்தி வெக்காதீங்க சார்

வாசகர் கேள்வி (ஆர்.கே.புரம், டெல்லி): என் மனைவி டெல்லியில ஒரு அரசுப் பள்ளியில மேத்ஸ் டீச்சர். 2025 பிப்ரவரி 18-ம் தேதி தவறிட்டாங்க, வயசு 55. இங்க சேர்ந்தது 2000 ஜூலை 10. அதுக்கு முன்னாடி 1994 ஜூலைல இருந்து ஆறு வருஷம் தமிழ்நாட்டுல ஒரு கேந்திரிய வித்யாலயாவுல வேலை பாத்தாங்க, முறையா பெர்மிஷன் வாங்கி ராஜினாமா பண்ணிட்டுதான் இங்க வந்தாங்க. கடைசி பேசிக் 70,000. கூட வேலை பாத்தவர் ஒருத்தர், "அந்த ஆறு வருஷத்தை முதல்ல சேத்துட்டு அப்புறம் க்ளைம் போடுங்க, 33 வருஷத்துக்குப் பக்கத்துல வந்தாத்தான் ஃபுல் பென்ஷன்"னு சொன்னார். அதனால எட்டு மாசமா லெட்டர் போட்டுட்டு அலையறேன், இன்னும் எந்த ஃபாரமும் குடுக்கல. ஆபீஸ்ல ஒருத்தர் "சம்பாதிக்கற ஹஸ்பெண்டுக்கு பென்ஷன் வராது"ங்கறார். நான் தனியார் கம்பெனியில இருக்கேன். ஜிபிஎஃப் (அரசு ஊழியர் சேமநிதி) நாமினேஷன் மாமியார் பேர்ல இருக்கு, அதைக் காட்டி மச்சினர் பென்ஷனும் அம்மாவுக்குத்தான்னு சொல்றார், அவ கைப்பட எழுதினதுன்னு ஒரு பேப்பரும் வெச்சிருக்கார். பையனுக்கு 23, பொண்ணுக்கு 19, ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகல. கிராஜுவிட்டிக்கு (மொத்தமா வர்ற பணிக்கொடைக்கு) நாமினேஷன் சர்வீஸ் புக்ல இல்லையாம். நான் எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பதில்:

சார், ஆறுதலா நான் என்ன சொன்னாலும் உங்களுக்கு பத்தாது, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். நாளைக்கே ஸ்கூலுக்குப் போய் ஃபேமிலி பென்ஷன் க்ளைம் ஃபாரத்தை குடுத்துட்டு வாங்க. கேந்திரிய வித்யாலயா (கேவி) சர்வீஸ் சேரட்டும், சேராம போகட்டும், உங்க கேஸ்ல அதனால ஒரு ரூபா கூட மாறப் போறதில்லை. ஒரு ரூபா கூடன்னு நான் சும்மா ஒரு பேச்சுக்கு சொல்லல, கீழ கணக்கு போட்டே காட்டறேன்.

உங்க மனைவியோட சக ஆசிரியர் நல்ல மனசோடதான் சொல்லிருக்கார், ஆனா அவர் சொன்னது பழைய காலத்து கணக்கு. 2006-க்கு முன்னாடி ரிட்டயர் ஆனவங்களுக்கு 33 வருஷ சர்வீஸ் இருந்தாத்தான் முழு பென்ஷன், குறைஞ்சா அந்த விகிதத்துல வெட்டுவாங்க. ஆறாவது சம்பளக் கமிஷனுக்கு அப்புறம் அந்த 33 போயிடுச்சு, இப்போ 10 வருஷம் முடிச்சிருந்தாலே கடைசி பேசிக்ல பாதி. ஆனா ஸ்டாஃப் ரூம்ல எல்லாம் அந்த நம்பர் இன்னும் உயிரோடதான் இருக்கு, நானும் அக்கவுண்ட்ஸ்ல இருந்த காலத்துல எத்தனையோ பேருக்கு இதை சொல்லியிருக்கேன், தலையாட்டிட்டு மறுபடி "அப்போ என் 33 வருஷம்?"னு கேப்பாங்க.

அதை விட முக்கியமா, அந்த கணக்கு ரிட்டயர் ஆனவங்களுக்கு. உங்க மனைவி சர்வீஸ்ல இருக்கும்போதே போயிட்டாங்க, அதனால அவங்க பேர்ல ரிட்டயர்மென்ட் பென்ஷன்னு ஒண்ணு போடவே மாட்டாங்க, நேரா ஃபேமிலி பென்ஷன்தான். ஃபேமிலி பென்ஷனுக்கு எத்தனை வருஷம் வேலை பாத்தாங்கங்கற கேள்வியே கிடையாது. ஒரு வருஷம் முடிச்சிருந்தா போதும், அதுவும் முடியாட்டி கூட வேலைல சேரும்போது மெடிக்கல் பாஸ் ஆயிருந்தா போதும். 3 வருஷம் வேலை பாத்த டீச்சர் குடும்பத்துக்கும் 30 வருஷம் வேலை பாத்தவங்க குடும்பத்துக்கும் ஒரே விகிதம், கடைசி பேசிக் மட்டும்தான் கணக்கு.

விகிதம் என்னன்னா, இறந்த மறுநாள்ல இருந்து 10 வருஷத்துக்கு பேசிக்ல 50 சதவீதம், அதுக்கு அப்புறம் 30 சதவீதம். இந்த 50 சதவீதத்துக்கு முன்னாடி ஏழு வருஷ தொடர் சர்வீஸ் வேணும்னு ஒரு கண்டிஷன் இருந்துச்சு, 2019 அக்டோபர் 1-ல இருந்து அதையும் எடுத்துட்டாங்க. உங்களுக்கு 70,000-ல பாதி 35,000, அதுமேல டிஆர், அதாவது விலைவாசிக்காக பென்ஷனோட சேக்கற அகவிலை நிவாரணம். 2025 பிப்ரவரில 55 சதவீதம், ஆக 54,250. ஜூலைல இருந்து 58 சதவீதம், ஆக 55,300. இது 2035 பிப்ரவரி வரைக்கும், அதுக்கு மேல 21,000-மும் அப்போ இருக்கற டிஆரும். எட்டு மாசமா மாசா மாசம் அரை லட்சத்துக்கு மேல வர வேண்டிய பணம் வராம நிக்குது சார். போயிடல, பிப்ரவரி 19-ல இருந்து அரியரா வரும், ஆனா ரெண்டு பசங்க படிப்புச் செலவு இருக்கற வீட்டுல இதை ஏன் கிடப்புல போடணும்?

சரி, சர்வீஸ் வருஷம் எங்கதான் வேலை செய்யுதுன்னா கிராஜுவிட்டில. சர்வீஸ்ல இருக்கும்போது இறந்தா குடுக்கற கிராஜுவிட்டிக்கு படிப்படியா ஒரு கணக்கு இருக்கு. ஒரு வருஷத்துக்குள்ளன்னா 2 மாச சம்பளம், ஒண்ணுல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள 6 மாசம், அஞ்சுல இருந்து பதினொண்ணுக்குள்ள 12 மாசம், பதினொண்ணுல இருந்து இருபதுக்குள்ள 20 மாசம், இருபதும் அதுக்கு மேலயும்னா ஒவ்வொரு அரை வருஷத்துக்கும் அரை மாச சம்பளம், அதிகபட்சம் 33 மாசம். இங்க சம்பளம்னா பேசிக்கும் இறந்த அன்னிக்கு இருந்த டிஏவும் (அகவிலைப்படி, அதே 55 சதவீதம்) சேர்ந்தது. உங்களுக்கு 70,000 ப்ளஸ் 38,500, மொத்தம் 1,08,500.

இப்போ 2000 ஜூலை 10-ல இருந்து 2025 பிப்ரவரி 18 வரைக்கும் 24 வருஷம் 7 மாசம் சொச்சம். அரை வருஷமா எண்ணினா 49, மீதி ஒரு மாசம் சொச்சத்தை விட்டுடுவாங்க, மூணு மாசமாவது இருந்தாத்தான் அதை இன்னொரு அரை வருஷமா எடுப்பாங்க. 49 அரை மாசம்னா 24½ மாச சம்பளம், 1,08,500-ஆல பெருக்கினா 26,58,250. ஆனா கிராஜுவிட்டிக்கு உச்சவரம்பு 25 லட்சம் சார், 2024 ஜனவரி 1-ல இருந்து (அதுக்கு முன்னாடி 20 லட்சம்தான்). டெல்லி சர்வீஸ் மட்டும் வெச்சே நீங்க அந்த உச்சவரம்பைத் தாண்டிட்டீங்க. கேவி ஆறு வருஷத்தை சேத்தா 61 அரை வருஷம், 33 லட்சம் சொச்சம்னு பேப்பர்ல வரும், கைக்கு வர்றது அதே 25 லட்சம். நெறஞ்ச குடத்துல இன்னும் ஆறு சொம்பு ஊத்தறதுக்காக எட்டு மாசமா க்யூல நிக்கறீங்க.

இதைப் படிக்கற மத்தவங்க "அப்போ பழைய சர்வீஸை சேக்கறதே வீண்"னு முடிவு கட்டிடாதீங்க, இது இவரோட கணக்கு. ஒருத்தர் இப்போதைய வேலைல 9 வருஷம்தான் ஆயிருக்கு, முன்னாடி இன்னொரு இடத்துல 4 வருஷம் இருந்திருக்காருன்னா, சேத்தா 13, சேக்காட்டி 9, அதாவது 20 மாச சம்பளமா 12 மாச சம்பளமாங்கற வித்தியாசம். மாசம் ஒரு லட்சம்னா எட்டு லட்சம் ரூபா, அதுக்கு கண்டிப்பா சண்டை போடணும். இன்னும் பெரிய விஷயம், 2004 ஜனவரி 1-க்கு முன்னாடி பென்ஷன் உள்ள ஒரு வேலைல இருந்துட்டு அதுக்கு அப்புறம் டெக்னிக்கல் ரெசிக்னேஷன் (அது என்னன்னு கீழ சொல்றேன்) குடுத்து இங்க வந்தவங்க. அவங்களுக்கு பழைய சர்வீஸ் சேந்தா பழைய பென்ஷன், சேராட்டி என்பிஎஸ், அதாவது ஊழியரும் அரசும் போடற பணத்தை முதலீடு பண்ணி வர்ற புது பென்ஷன் திட்டம். வாழ்க்கையே அந்த ஒரு பேப்பர்லதான் தொங்குது. அந்த மாதிரி ஆளுங்க உயிரோட, சர்வீஸ்ல இருக்கும்போதே எழுதி வாங்கி சர்வீஸ் புக்ல ஒட்ட வெச்சுடணும், போனதுக்கு அப்புறம் புருஷனோ பொண்டாட்டியோ பழைய ஆபீஸ் வாசல்ல போய் நின்னா அங்க அவங்களைத் தெரிஞ்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க.

எப்படி சேக்கறதுன்னு சுருக்கமா சொல்லிடறேன். சாதாரணமா ராஜினாமா பண்ணினா முந்தின சர்வீஸ் மொத்தமும் அழிஞ்சுடும், பென்ஷன் ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு. ஆனா வேற அரசு வேலைக்கு ப்ராப்பர் சேனல்ல (இருக்கற ஆபீஸ் மூலமா) அப்ளை பண்ணி, என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, அந்த வேலைல சேர்றதுக்காகவே ராஜினாமான்னு எழுதிக் குடுத்திருந்தா அழியாது, இதைத்தான் டெக்னிக்கல் ரெசிக்னேஷன்னு சொல்றது. கேவி மாதிரி மத்திய அரசோட தன்னாட்சி அமைப்பு, அங்கயும் பென்ஷன் திட்டம் இருந்துச்சுன்னா, 1984 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு உத்தரவுப்படி அந்த சர்வீஸை இங்க சேக்கலாம், பழைய இடம் அவங்க பங்கு பென்ஷன் பொறுப்பை ஒரே தடவையா மொத்தமா கட்டிடும். பழைய இடத்துல சிபிஎஃப்ல (பென்ஷனுக்குப் பதிலா முதலாளியும் பங்கு போடற சேமநிதி) இருந்து, கிளம்பும்போது முதலாளி பங்கை கைல வாங்கிட்டு வந்திருந்தா கதை வேற, அந்தப் பணத்தை வட்டியோட திருப்பி விடணும்.

உங்களுக்கு அந்த கேவி ஃபைல் ஒரே ஒரு காரணத்துக்கு வேணும், அதை யாரும் உங்க கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. 1994-ல இருந்து 2000 வரைக்கும் அங்க அவங்க ஜிபிஎஃப் கட்டியிருந்தா அந்த பேலன்ஸ் டெல்லி அக்கவுண்டுக்கு வந்துச்சான்னு பாருங்க. 2000-2001 ஜிபிஎஃப் ஸ்டேட்மென்ட்ல ஓபனிங் பேலன்ஸ் சைபரா இருக்கா, இல்ல ட்ரான்ஸ்ஃபர் ஆன ஒரு தொகை இருக்கான்னு பாத்தா தெரிஞ்சுடும். வரலைன்னா, கிளம்பும்போதே கைல வாங்கிட்டாங்களான்னு ஒரு பழைய பாஸ்புக்கைத் தேடுங்க, அதுவும் இல்லைன்னா அந்தப் பணம் இருபத்தஞ்சு வருஷமா அங்கயே தூங்குதுன்னு அர்த்தம், அதுக்கு ஒரு லெட்டர் போடலாம். இந்த வேலைக்கும் பென்ஷன் க்ளைமுக்கும் முடிச்சு போடாதீங்க, இது தனி ட்ராக்.

அடுத்தது, சம்பாதிக்கற ஹஸ்பெண்டுக்கு வராதுங்கறது சுத்தப் பொய். வருமான வரம்பு, அதாவது 9,000 ரூபாயும் அதுக்கு உண்டான டிஆரும், அது பிள்ளைங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும்தான், கணவன் மனைவிக்கு கிடையாது. நீங்க மாசம் ரெண்டு லட்சம் வாங்கினாலும் சரி, நாளைக்கு உங்க கம்பெனில இருந்து இபிஎஃப் பென்ஷன் வந்தாலும் சரி, மனைவியோட ஃபேமிலி பென்ஷன் உங்களுக்கு உண்டு. ரூல்ஸ்ல விதவைக்கு என்னவோ அதேதான் மனைவியை இழந்தவருக்கும். யாராவது மறுபடி வாயால சொன்னா "அதை எழுத்துல குடுங்க ஜி"ன்னு கேளுங்க, அத்தோட பேச்சு நின்னுடும். ஒண்ணு மட்டும் கசப்பா இருந்தாலும் சொல்லியாகணும், நீங்க மறுகல்யாணம் பண்ணிக்கிட்டா அன்னியோட உங்க பென்ஷன் நின்னு பிள்ளைங்களுக்குப் போகும், 25 வயசு வரைக்கும், இல்ல அதுக்குள்ள கல்யாணம் ஆகற வரைக்கும், இல்ல அந்த வருமான வரம்பைத் தாண்டி சம்பாதிக்க ஆரம்பிக்கற வரைக்கும். பொண்ணு கல்யாணம் ஆகாமலோ, விதவையாகவோ, விவாகரத்து ஆகியோ உங்களையே நம்பி இருந்தா 25-க்கு அப்புறமும் வழி இருக்கு. அதனால ரெண்டு பசங்க பேரும் குடும்ப விவர ஃபாரத்துல இருக்கட்டும், "எனக்குத்தானே வருது, அவங்க பேர் எதுக்கு"ன்னு விட்டுடாதீங்க.

இப்போ மாமியார் விஷயம். இதுலதான் எல்லா வீட்டுலயும் மனஸ்தாபம் வருது, கொஞ்சம் நிதானமா படிங்க.

ஃபேமிலி பென்ஷனுக்கு நாமினேஷனே கிடையாது. யாருக்குங்கறதை ரூல்ஸே வரிசை போட்டு வெச்சிருக்கு, முதல்ல கணவனோ மனைவியோ, அப்புறம் பிள்ளைங்க, அவங்க யாருமே இல்லைன்னாத்தான் இறந்தவங்களை நம்பியிருந்த அப்பா அம்மா. நீங்க இருக்கும்போது, உங்களுக்கு அப்புறம் தகுதியுள்ள பிள்ளைங்க இருக்கும்போது, மாமியாருக்கு பென்ஷன் வராது. நீங்களே மனசு வந்து "எனக்கு வேண்டாம், அவங்களுக்குக் குடுங்க"ன்னு எழுதிக் குடுத்தாலும் செல்லாது. மச்சினர் கைல இருக்கற பேப்பர் உண்மையாவே உங்க மனைவி எழுதினதாவே இருக்கட்டும், அதுவும் செல்லாது. 1991-ல வயலட் ஐசக் வழக்குல, அது ஒரு ரயில்வே ஊழியர் குடும்பத்து வழக்கு, சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொல்லுச்சு, ஃபேமிலி பென்ஷன் இறந்தவரோட சொத்து இல்லை, அவர் உயில்ல எழுதி யாருக்கும் குடுக்க முடியாதுன்னு. மச்சினர் கிட்ட சண்டை போடாம இதை மட்டும் சொல்லிடுங்க, அவரா ஒரு வக்கீல் கிட்ட கேட்டுக்கட்டும்.

ஜிபிஎஃப் அப்படி இல்லை. அங்க நாமினேஷன் இருக்கு, ஜிபிஎஃப் ரூல்ஸ்ல குடும்பம்ங்கறதுக்குள்ள அம்மாவும் வர்றாங்க, அதனால ஆபீஸ் பணத்தை மாமியாருக்குத்தான் குடுக்கும், அதை தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா நாமினின்னா பணத்தை வாங்கிக்கற கை, பணமே அவங்களோடதுன்னு ஆயிடாது. 2009-ல சிப்ரா சென்குப்தா வழக்குல கிட்டத்தட்ட இதே மாதிரி, கணவர் கல்யாணத்துக்கு முன்னாடி அம்மாவை நாமினேட் பண்ணிட்டு அப்புறம் மாத்தாமலே இறந்துட்டார், நாமினி அம்மாவா இருந்தாலும் வாரிசுச் சட்டப்படி மனைவிக்கும் பங்கு உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. உங்க கேஸ்ல இறந்தது பெண், இந்து வாரிசுச் சட்டம் 15-வது பிரிவுப்படி கணவனும் பிள்ளைங்களும் முதல் வரிசை, அம்மா அதுக்கு ரொம்பக் கீழ. சட்டம் முழுக்க உங்க பக்கம்தான்.

இருந்தாலும் என் அபிப்ராயம் கேட்டீங்கன்னா, அந்த வயசான அம்மா மேல கேஸ் போடாதீங்க. பொண்ணு தெரிஞ்சோ தெரியாமலோ அந்த ஒரு ஃபாரத்துல அம்மா பேரை எழுதி, இருபத்தி சொச்சம் வருஷம் மாத்தாம விட்டிருக்கா. ஒருவேளை வேணும்னேதான் விட்டாளோ என்னவோ, அம்மாவை அவங்க பையன் பாத்துப்பான்ங்கற நம்பிக்கை அவளுக்கு இல்லாம இருந்திருக்கலாம், யாரு கண்டா. உங்களுக்கு மாசம் 55,000-மும் கிராஜுவிட்டியும் வருது. ஜிபிஎஃப்ல பாதியை அந்த அம்மா பேர்ல எஃப்டி போட்டு மீதியை பசங்களுக்கு விட்டுக் குடுக்கச் சொல்லி உட்கார்ந்து பேசுங்க, முடிஞ்சா வெள்ளைப் பேப்பர்ல இல்லாம நோட்டரி முன்னாடி எழுதிக்கோங்க. பேசும்போது மச்சினர் மட்டும் இருக்காம மாமியாரும் பக்கத்துல இருக்கட்டும். இது சட்ட ஆலோசனை இல்லை, நீங்க கேக்காம நான் சொல்றது, வேண்டாம்னா விட்டுடுங்க.

கிராஜுவிட்டிக்கு நாமினேஷன் இல்லைன்னா குடும்பத்துல முதல் வரிசையில இருக்கறவங்களுக்கு சம பங்கு. முதல் வரிசைன்னா கணவன், மகன்கள், கல்யாணம் ஆகாத மகள்கள், விதவை மகள்கள். உங்க வீட்டுல மூணு பேர், ஆளுக்கு 8,33,333 ரூபா. மூணு பேரும் தனித்தனியா க்ளைம் ஃபாரம் குடுக்கணும், மூணு பேரும் மேஜர்ங்கறதால கார்டியன் பிரச்சினை இல்லை. மாமியார் இந்தப் பங்குல வர மாட்டாங்க. கல்யாணமான மகளும் முதல் வரிசையில இல்லைங்கறது நிறைய பேருக்குத் தெரியாது, சரியா தப்பான்னு கேட்டா எனக்கு உடன்பாடு இல்லைதான், ஆனா ரூல் அப்படி இருக்கு. இதைப் படிக்கற டீச்சருங்க தயவுசெய்து இன்னிக்கே உங்க சர்வீஸ் புக்கைத் திறந்து கிராஜுவிட்டி நாமினேஷன் ஒட்டியிருக்கான்னு பாருங்க.

இனி நீங்க செய்ய வேண்டியது. டெத் சர்டிபிகேட் ஒரு பத்து காப்பி அட்டெஸ்ட் பண்ணி வெச்சுக்கோங்க. ஸ்கூல்ல ஹெட் ஆஃப் ஆபீஸ் பேருக்கு ஒரு கவரிங் லெட்டர் போட்டு அதோட ஃபேமிலி பென்ஷன் க்ளைம், மூணு கிராஜுவிட்டி க்ளைம், லீவ் என்கேஷ்மென்ட், குரூப் இன்ஷூரன்ஸ், ஜிபிஎஃப் எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுத்து டைரி நம்பரும் தேதியும் போட்ட அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க, ஃபைலைப் பாக்கற கிளார்க் "வெச்சுட்டுப் போங்க, ஹோ ஜாயேகா (ஆயிடும்)"ன்னா வெச்சுட்டு வராதீங்க. லீவ்ல ஈஎல் (ஈட்டிய விடுப்பு) மட்டும் இல்லை, 300 நாளுக்குக் குறைஞ்சா ஹாஃப் பே லீவையும் சேத்து கணக்கு போடணும், டீச்சருக்கு ஈஎல் கம்மியாத்தான் இருக்கும், ஹாஃப் பே லீவ் நிறைய கிடக்கும், அதைக் கேட்டு வாங்குங்க. ஜிபிஎஃப்ல டெபாசிட் லிங்க்ட் இன்ஷூரன்ஸ்னு அதிகபட்சம் 60,000 ரூபா ஒண்ணு இருக்கு, பேலன்ஸ் தகுதிக்கு வந்தா அது ஜிபிஎஃப் பணத்தோடயே வரணும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

கவரிங் லெட்டர்ல ரெண்டு வாக்கியம் முக்கியம். முதலாவது, பிபிஓ (பென்ஷன் குடுக்கச் சொல்ற உத்தரவு) வர்ற வரைக்கும் ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக ஃபேமிலி பென்ஷன் குடுங்கன்னு. பிஏஓ (பே அண்ட் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ்) க்ளியரன்ஸுக்குக் காத்திருக்காம ஹெட் ஆஃப் ஆபீஸே அதை சாங்ஷன் பண்ண ரூல்ஸ்ல இடம் இருக்கு, இதுக்காகவேதான் இடம் வெச்சிருக்காங்க. ரெண்டாவது, "2000 ஜூலைல இருந்து வெரிஃபை ஆன சர்வீஸை வெச்சு கிராஜுவிட்டியை செட்டில் பண்ணுங்க, முந்தின சர்வீஸ் சம்பந்தமா நான் குடுத்த லெட்டருக்காக இதை நிறுத்த வேண்டாம்"னு. நீங்க எட்டு மாசமா போட்ட லெட்டரெல்லாம் ஃபைல்ல இருக்கே, அதையே காரணம் காட்டி "பார்ட்டியே கேவி சர்வீஸ் கேட்டிருக்கார், ரிப்ளை வரல"ன்னு நோட் எழுதி மூலைல போட்டுடுவாங்க.

இன்னொரு லாபமும் இருக்கு. சர்வீஸ்ல இறந்தவங்க கிராஜுவிட்டி ஆபீஸ் பக்கத்து தாமதத்தால ஆறு மாசத்துக்கு மேல இழுத்தா ஜிபிஎஃப் வட்டி விகிதத்துல வட்டி உண்டு. ஆனா நீங்களே க்ளைம் குடுக்காம இருந்த காலத்துக்கு அவங்க எப்படி வட்டி குடுப்பாங்க? அதனாலதான் அந்த டைரி நம்பர்.

ஸ்கூல்ல இருந்து பிஏஓவுக்குப் போய், அங்க இருந்து பிகாஜி காமா ப்ளேஸ்ல இருக்கற சென்ட்ரல் பென்ஷன் அக்கவுண்டிங் ஆபீஸுக்குப் போய், அங்க இருந்து பேங்குக்குப் போகும். ஆர்.கே.புரத்துல இருந்து அது நடக்கற தூரம்தான், ஆனா ஃபைல் ஸ்கூலை விட்டுக் கிளம்பாம அங்க போய் நின்னு பிரயோஜனம் இல்லை. மூணு மாசத்துல அசையலைன்னா ஆன்லைன்ல கம்ப்ளெய்ன்ட் போடுங்க, அதுக்கும் அசையலைன்னா டெல்லி அரசு ஊழியர் விஷயமெல்லாம் சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ட்ரிப்யூனலுக்குத்தான் போகும், ஹைகோர்ட்டுக்கு நேரா ஓடாதீங்க. பெரும்பாலும் அது வரைக்கும் போகாது, ஃபாரமெல்லாம் சரியா இருந்தா நகர்ந்துடும்.

பையனுக்கு கருணை அடிப்படையில வேலை கிடைக்குமான்னு நீங்க கேக்கல, ஆனா அடுத்த லெட்டர்ல கேப்பீங்கன்னு தெரியும். குரூப் சி நேரடி நியமன காலியிடத்துல 5 சதவீதம் வரைக்கும்தான், அதுவும் உரிமை இல்லை, குடும்பம் எவ்வளவு கஷ்டத்துல இருக்குன்னு பாத்துதான் குடுப்பாங்க, அப்பா சம்பாதிக்கறார், ஃபேமிலி பென்ஷன் வருதுன்னா மார்க் குறையும். ஒரு அப்ளிகேஷன் போட்டு வைங்க, ஆனா அதை நம்பி அவன் படிப்பை நிறுத்த வேண்டாம்.

மெடிக்கல் கார்டையும் விட்டுடாதீங்க, டெல்லி அரசு ஹெல்த் ஸ்கீம்ல ஃபேமிலி பென்ஷனர்னு தொடரலாம், பிபிஓ வந்ததும் அப்ளை பண்ணுங்க. கிராஜுவிட்டிக்கு வரி கிடையாது. ஃபேமிலி பென்ஷனுக்கு உண்டு, சம்பளமா இல்லாம இதர வருமானமாத்தான் காட்டணும், மூணுல ஒரு பங்கு, இல்ல புது வரி முறையில 25,000, பழைய வரி முறையில 15,000, இதுல எது குறைவோ அதைக் கழிச்சுக்கலாம். பேங்க் இதுல டிடிஎஸ் பிடிக்காது, உங்க சம்பளத்தோட சேந்து பெரிய ஸ்லாபுக்குப் போயிடும், அரியர் மொத்தமா வர்ற வருஷம் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டாம விட்டா வட்டி போடுவாங்க. அரியர் கிரெடிட் ஆன அன்னிக்கே உங்க ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டுடுங்க.